சண்டர்லாந்துக் குரல்: ஒரு மூத்த பிரிட்டிஷ் காவல் அதிகாரியின் கடைசிப் பெரிய வழக்கு

இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயர் வட்டாரத்தில் 1975 முதல் 1981 வரை நீண்ட ஒரு கொலை விசாரணையைப் பற்றிய ஆய்வு இது. அந்த வழக்கில் பதின்மூன்று பெண்கள் கொல்லப்பட்டார்கள். ஏழு பெண்கள் குற்றுயிராகத் தப்பினார்கள். விசாரணைக்குத் தலைமை தாங்கிய அதிகாரி சோம்பேறி அல்லர். அடிமட்டத்திலிருந்து உழைத்து உச்சிக்கு வந்தவர். அவர் பொறுப்பில் இருந்த படை, கொலையாளியை ஒன்பது முறை நேரில் விசாரித்துவிட்டு ஒன்பது முறையும் விட்டுவிட்டது. அது எப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். பத்திரிகைகள் கொலையாளிக்குச் சூட்டிய பட்டப்பெயர் உலகறிந்தது. ஆனால் இறந்தவர்களின் குடும்பத்தாரை அந்தப் பெயர் இன்றும் புண்படுத்துகிறது. ஆகவே அதையும் விட்டுவிடுகிறேன்.

பின்னணி

அந்த அதிகாரி இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வெஸ்ட் ரைடிங் காவல் படையில் சாதாரணக் காவலராகச் சேர்ந்தவர். 1974-இல் வெஸ்ட் ரைடிங் படையின் வாரிசான வெஸ்ட் யார்க்ஷயர் படை லீட்ஸ், பிராட்போர்ட் நகரப் படைகளோடு இணைக்கப்பட்டு வெஸ்ட் யார்க்ஷயர் பெருநகரக் காவல் படை உருவானது. இணைப்பு காகிதத்தில் ஒரே நாளில் முடிந்துவிட்டது. நகரக் காவலர்களுக்கும் மாவட்டக் காவலர்களுக்கும் இடையே இருந்த பழைய போட்டி அவ்வளவு எளிதில் முடியவில்லை. புதிய படையில் அவர் குற்றப் புலனாய்வுக்குப் பொறுப்பான உதவி சீஃப் கான்ஸ்டபிள் ஆனார். பிரிட்டனில் சீஃப் கான்ஸ்டபிள் என்பவர் ஒரு வட்டாரக் காவல் படை முழுவதற்கும் தலைவர். அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரில் இவரும் ஒருவர்.

அவருடைய பெயரை நாடறியச் செய்தது வேறொரு வழக்கு. 1974 பிப்ரவரி 4 அன்று, ராணுவத்தினரும் அவர்கள் குடும்பத்தினரும் பயணம் செய்த பஸ் ஒன்றில் எம்62 நெடுஞ்சாலையில் குண்டு வெடித்து 12 பேர் இறந்தார்கள். அந்த விசாரணையை இவர்தான் நடத்தினார். விரைவிலேயே ஒரு இளம்பெண் கைதானார். அந்த ஆண்டே அவருக்கு ஆயுள் தண்டனையும் கிடைத்தது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1992-இல், மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. எதிர்த்தரப்புக்குக் காட்ட வேண்டிய சான்றுகள் மறைக்கப்பட்டிருந்தன. ஆனால் 1977-இல் அது ஒரு பெருவெற்றியாகவே பேசப்பட்டது. அடுத்த வழக்குக்குள் அவர் நுழைந்தபோது அவருடைய தீர்ப்பின்மேல் எல்லோருக்கும் இருந்த நம்பிக்கையும், அவருக்கே இருந்த நம்பிக்கையும் அந்த வெற்றியிலிருந்து வந்தவை.

முதல் தாக்குதல்களும் முதல் தவறான பிரிவினையும்

தொடரின் முதல் கொலை 1975 அக்டோபர் 30 அன்று லீட்ஸில் நடந்தது. இறந்தவர் நான்கு குழந்தைகளின் தாய். 1976 ஜனவரியில் இரண்டாவது கொலை. 1977 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் மேலும் இரண்டு. இவர்கள் பாலியல் தொழில் செய்தவர்கள் என்று காவல்துறை வகைப்படுத்தியது. கொலையாளி அந்தத் தொழில் செய்பவர்களை மட்டுமே வெறுக்கிறான் என்ற முடிவு அந்த வகைப்பாட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

இதனால் விளைந்த சேதத்தைப் பலரும் ஒழுக்கக் கேள்வியாக மட்டும் பார்க்கிறார்கள். அது புலனாய்வுக் கேள்வியும் கூட. முதல் கொலைக்கு முன்பே, 1975-இன் கோடையில், மூன்று பெண்கள் தலையில் தாக்கப்பட்டு உயிர் பிழைத்திருந்தார்கள். ஹாலிஃபாக்ஸில் தாக்கப்பட்ட ஒரு இல்லத்தரசியிடம் அந்த ஆள் நெருங்கி வந்து வானிலையைப் பற்றிப் பேசியிருக்கிறான். அவன் பேச்சு உள்ளூர்ப் பேச்சு என்று அவர் உறுதியாகச் சொன்னார். சில்ஸ்டன் என்ற சிற்றூரில் தாக்கப்பட்டவள் பதினான்கு வயதுச் சிறுமி. அவன் அவளோடு நெடுநேரம் பேசிக்கொண்டே நடந்து வந்தவன். முகத்தைத் துல்லியமாகச் சொன்னாள். அவன் யார்க்ஷயர்க்காரன் என்றும் சொன்னாள்.

இந்தப் பெண்கள் காவல்துறை வரைந்து வைத்திருந்த 'பலியாவோர்' படத்துக்குள் அடங்கவில்லை. ஆகவே தொடக்கத்தில் அவர்கள் இந்தத் தொடரில் சேர்க்கப்படவில்லை. சிறுமியின் வழக்கு விசாரணை முடியும்வரை சேர்க்கப்படவே இல்லை. கொலையாளி அதை ஒப்புக்கொண்டது 1992-இல்தான். விசாரணையின் கையில் இருந்த மிகச் சிறந்த சாட்சியம் இப்படி வாசலிலேயே நிறுத்தப்பட்டது.

1977 ஜூன் 26 அன்று லீட்ஸில் பதினாறு வயதுக் கடைப் பணிப்பெண் ஒருத்தி கொல்லப்பட்டாள். நாடே கொதித்தது. அதற்குப் பிறகுதான் அந்த உதவி சீஃப் கான்ஸ்டபிள் விசாரணை முழுவதையும் நேரடியாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். இப்போது ஒரு 'அப்பாவி' பலியாகிவிட்டாள் என்று காவல் அதிகாரிகள் வெளிப்படையாகவே பேசினார்கள். அப்படியானால் முன்பு இறந்தவர்கள் யார் என்று அவர்களுடைய பிள்ளைகள் கேட்டதற்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை.

ஐந்து பவுண்டு நோட்டும் அட்டைப் பெட்டிகளும்

1977 அக்டோபரில் மான்செஸ்டரில் கொல்லப்பட்ட பெண்ணின் கைப்பையில் ஒரு புத்தம்புதிய ஐந்து பவுண்டு நோட்டு மறைத்து வைக்கப்பட்டிருந்தது. வரிசை எண்ணை வைத்துத் தேடியதில், சம்பளப் பட்டுவாடாவுக்காகப் பிராட்போர்ட் அருகே ஷிப்லி பகுதி வங்கி வழியாக வெளியே போன கட்டுகளில் அது ஒன்று என்று தெரிந்தது. அந்தப் பணம் போன நிறுவனங்களில் சுமார் 8,000 பேர் வேலை செய்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 5,000 பேரை மூன்று மாதங்களில் விசாரித்தார்கள்.

அந்த 5,000 பேரில் கொலையாளியும் இருந்தான். பிராட்போர்டில் ஒரு நிறுவனத்தின் லாரி ஓட்டுநர். 1977 நவம்பரில் ஒரு வாரத்துக்குள் இரண்டு முறை அவன் வீட்டுக் கதவைக் காவலர்கள் தட்டினார்கள். வீட்டில் இருந்ததாகவும், புதுமனை புகுந்ததற்கு விருந்து வைத்ததாகவும் சொன்னான். மனைவியும் தாயும் ஆமோதித்தார்கள். காவலர்கள் திரும்பிப் போனார்கள்.

லீட்ஸ் மில்கார்த் காவல் நிலையத்தில் விசாரணை அறை இருந்தது. ஒவ்வொரு நபருக்கும் ஒரு அட்டை, ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு அட்டை, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு அட்டை. எழுதுபவர் கையால் எழுதி, அகர வரிசையில் செருகி வைக்க வேண்டும். காகிதங்களின் பாரம் தாங்காது என்று தளத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது என்பார்கள். வந்து சேர்ந்த தகவலை அட்டையில் ஏற்றவே ஆள் போதவில்லை. ஒருவனை நோட்டுக்காக விசாரித்த அட்டை ஓரிடத்தில் இருக்கும். பாலியல் தொழில் நடக்கும் தெருக்களில் அவன் கார் திரும்பத் திரும்பத் தென்பட்டதைச் சொல்லும் பதிவு இன்னோரிடத்தில் இருக்கும். இரண்டையும் ஒரே மேசையில் வைக்க யாராலும் முடியவில்லை. இந்தக் கொலையாளிக்கு நடந்தது அதுதான். நோட்டுக்காக ஐந்து முறை, கார் தென்பட்டதற்காகச் சில முறை, டயர் தடத்துக்காக ஒரு முறை என்று அவனை விசாரித்தார்கள். பல முறை வாசலில் நின்ற காவலருக்கு முந்தைய வருகைகளைப் பற்றித் தெரியாது.

கடிதங்களும் ஒலிநாடாவும்

1978 மார்ச் மாதம் வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் அஞ்சல் முத்திரை இடப்பட்ட இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று அந்த அதிகாரியின் பெயருக்கே. 1888-இல் லண்டனில் கொலை செய்தவனின் புனைபெயரைக் கையெழுத்தாகப் போட்டு, 'நான்தான் செய்கிறேன்' என்று ஒருவன் எழுதியிருந்தான். ஓராண்டு கழித்து, 1979 மார்ச்சில், மூன்றாவது கடிதம். அதே ஆண்டு ஜூனில் ஒரு கேசட்.

கடிதங்களை நம்பக் காரணங்கள் சொல்லப்பட்டன. 1975 நவம்பரில் பிரஸ்டன் நகரில் நடந்த ஒரு கொலையை அவன் தன் கணக்கில் சேர்த்திருந்தான். அந்தக் கொலையில் கிடைத்த தடயமும், மூன்றாம் கடிதத்தின் உறையில் இருந்த உமிழ்நீரும் பி இரத்த வகையைக் காட்டின. மக்களில் மிகச் சிலருக்கே பொருந்தும் வகை அது. அதனால் கடிதக்காரனே பிரஸ்டன் கொலையாளி, பிரஸ்டன் கொலையாளியே யார்க்ஷயர் கொலையாளி என்று முடிச்சுப் போட்டார்கள். கொல்லப்பட்ட இன்னொரு பெண் மருத்துவமனைக்குப் போய்வந்ததைக் கடிதக்காரன் குறிப்பிட்டதும் அவன்மேல் நம்பிக்கையைக் கூட்டியது.

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே பலவீனம். பிரஸ்டன் கொலைக்கும் யார்க்ஷயர்க் கொலைகளுக்கும் தொடர்பு உண்டா என்ற பேச்சு ஏற்கெனவே பத்திரிகையில் வந்துவிட்டது. மருத்துவமனை விவரமும் பத்திரிகையில் வந்ததுதான். இதைவிட முக்கியமான ஒன்றை உடனே கவனித்திருக்க வேண்டும். 1978 ஜனவரியில் பிராட்போர்டில் கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் உடல் மார்ச் 26 அன்றுதான் கிடைத்தது. அதற்கு முன்பே எழுதப்பட்ட கடிதங்களில் அவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பத்திரிகை படிப்பவனுக்குத் தெரிந்த கணக்கே கடிதக்காரனுக்கும் தெரிந்திருந்தது. கொலை செய்தவனுக்கு மட்டும் தெரியக்கூடியது எதுவும் அதில் இல்லை.

கேசட் அந்த அதிகாரியை முதற்பெயர் சொல்லி அழைத்தது. மெதுவான, உணர்ச்சியற்ற குரல். என்னைப் பிடிக்க உன்னால் முடியவில்லையே, உன் ஆட்கள் உன்னைக் கைவிடுகிறார்கள் என்ற தொனியில் ஏளனம். கடைசியில் ஒரு பாட்டின் துணுக்கு. 1979 ஜூன் 26 அன்று பத்திரிகையாளர் கூட்டம் கூட்டப்பட்டது. மேசைமேல் ஒரு டேப் ரிக்கார்டர். அதன் அருகே அந்த அதிகாரி உட்கார்ந்திருந்தார். பொத்தானை அழுத்தியதும் அறை முழுதும் அந்தக் குரல் பரவியது. அன்று மாலையே பிரிட்டன் முழுவதும் அதைக் கேட்டது.

அந்தக் கூட்டத்தைத்தான் இந்த வழக்கின் திருப்புமுனையாக நான் கருதுகிறேன். ஒரு அனுமானத்தை அறைக்குள் வைத்துக்கொண்டு சோதிக்கும்வரை அதைக் கைவிடுவது எளிது. நாட்டின் முன்னால், தன் முகத்தோடும் பதவியோடும் சேர்த்து அதை வைத்துவிட்ட பிறகு பின்வாங்குவது ஒரு மனிதனுக்கு மிகக் கடினம். இந்தக் கொலையாளி தன்னோடு நேருக்கு நேர் மோதுகிறான் என்று அந்த அதிகாரி உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கையை அவர் வெளியிலும் மறைக்கவில்லை.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் இருவரிடம் குரலைக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் பேச்சுவழக்கை அலசி, பேசுகிறவன் சண்டர்லாந்தின் காசில்டவுன் பகுதியில் வளர்ந்தவன் என்று குறிப்பாகச் சொன்னார். அது அபாரமான வேலை. பல ஆண்டுகள் கழித்துப் பிடிபட்ட மோசடிக்காரன் அங்கிருந்து சிறிது தூரத்தில்தான் வாழ்ந்தான். ஆனால் அதே மொழியியலாளர்கள் இன்னொன்றையும் சொன்னார்கள். இவ்வளவு தனித்த பேச்சு உடையவன் யார்க்ஷயரில் சுற்றித் திரிந்தால் இதற்குள் யாராவது அடையாளம் காட்டியிருப்பார்கள். ஆகவே இது ஏமாற்று வேலையாக இருக்கலாம் என்று எச்சரித்தார்கள். காவல்துறை முதல் பாதியை எடுத்துக்கொண்டது. இரண்டாம் பாதியை ஒதுக்கியது.

சண்டர்லாந்தை உள்ளடக்கிய நார்தம்ப்ரியா படையின் ஆய்வாளர் ஒருவரும் சந்தேகத்தை எழுத்தில் வைத்தார். கடிதங்களின் சொற்றொடர்கள் 1888-இல் அந்த லண்டன் கொலையாளியின் பெயரில் வந்த கடிதங்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதை அவர் கண்டார். அதுவும் தலைமையின் போக்கை மாற்றவில்லை.

1979 செப்டம்பர் 13 அன்று எல்லாக் காவல் படைகளுக்கும் ஒரு சிறப்புச் சுற்றறிக்கை போனது. ஒருவனைச் சந்தேகத்திலிருந்து விலக்க ஐந்து அளவுகோல்கள் அதில் இருந்தன. பிறந்த ஆண்டு, நிறம், காலணி அளவு, இரத்த வகை ஆகியவற்றோடு ஐந்தாவதாகப் பேச்சு: வடகிழக்கு இங்கிலாந்தின் பேச்சு இல்லாதவனை விலக்கலாம். கேசட் போலியாக இருந்தால் பேச்சும் இரத்த வகையும் ஒருசேரப் பொய்யாகிவிடும். கொலையாளி பிராட்போர்டுக்காரன். அவன் வாய் திறந்து பேசியதே அவனுக்கு விடுதலைச் சீட்டு ஆயிற்று.

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கேசட்டை நம்பியதை மட்டும் வைத்து அந்த அதிகாரியைக் குறை சொல்வது முழு நியாயம் ஆகாது. இரத்த வகை பொருந்தியபோது எந்தப் புலனாய்வாளரும் சண்டர்லாந்துக்கு ஆள் அனுப்பியிருப்பார், அனுப்பத்தான் வேண்டும். தவறு அதற்கு அடுத்த படியில் நடந்தது. தேட உதவும் குறிப்பு ஒன்றைச் சல்லடையாக மாற்றிவிட்டார்கள். தேடலில் ஒரு குறிப்பு பொய்த்தால் நேரம் வீணாகும், அவ்வளவுதான். விலக்கலில் அது பொய்த்தால் உண்மையான ஆள் தொலைந்துபோவான். தொலைந்தது யாருக்கும் தெரியவும் தெரியாது.

1979 ஜூலை 29: ஒரு அறிக்கை

கேசட் ஒலிபரப்பான ஒரு மாதத்தில், கார்கள் தென்பட்ட பட்டியலில் இருந்த ஒருவனை விசாரிக்க இரண்டு துப்பறியும் காவலர்கள் பிராட்போர்டில் ஒரு வீட்டுக்குப் போனார்கள். அவன் ஐந்து பவுண்டு நோட்டு விவகாரத்தில் ஏற்கெனவே விசாரிக்கப்பட்டவன் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் இருவரில் ஒருவருக்கு நெருடியது. முன்பற்களுக்கு இடையே இடைவெளி, கரிய தலைமுடி, தாடி, 1977 டிசம்பரில் உயிர் தப்பிய பெண் சொன்ன முகத்தோடு ஒத்துப்போகும் சாயல். மனைவியைத் தவிர வேறு சாட்சி இல்லை. காவலர்களின் கேள்விகளை அவன் வழக்கத்துக்கு மாறான அமைதியோடு எதிர்கொண்டான்.

திரும்பி வந்து, இந்த ஆள்மேல் தங்களுக்குத் திருப்தி இல்லை, மேலும் விசாரிக்க வேண்டும் என்று அறிக்கை எழுதினார்கள். அந்தக் காவலர் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னது இது: அறிக்கையை ஒரு மேலதிகாரியிடம் நேரில் எடுத்துப் பேசினேன். அவர் முதலில் கேட்டது அவன் பேச்சு எந்த ஊர்ப் பேச்சு என்பதைத்தான். பிராட்போர்ட் என்றதும் கோபத்தோடு என்னை அனுப்பிவிட்டார்.

அறிக்கை கோப்புகளுக்குள் போய்ச் சேர்ந்தது. ஐந்து வாரங்கள் கழித்து, செப்டம்பர் 2 அன்று, பிராட்போர்டில் இருபது வயதுக் கல்லூரி மாணவி கொல்லப்பட்டார்.

இந்த ஒரு காகிதத்தை அந்த உதவி சீஃப் கான்ஸ்டபிள் தன் கண்ணால் பார்த்தாரா என்பது இங்கே முக்கியமில்லை. அவர் நிறுவிய அளவுகோல் அவர் இல்லாத அறையிலும் வேலை செய்தது. உச்சியில் உள்ளவர் உறுதியாக நம்பும் ஒன்றைக் கீழே உள்ளவர்கள் அவரைவிடக் கூடுதல் உறுதியோடு காவல் காப்பார்கள். ஆகஸ்டில் அவருக்கு மாரடைப்பு வந்தது. பல மாதங்கள் பணிக்கு வர முடியவில்லை. அவர் இல்லாதபோதும் போக்கு மாறவில்லை என்பதே போதுமான சான்று.

விளம்பரப் பெருவெள்ளம்

அக்டோபரில் பெரும் விளம்பரப் பிரசாரம் தொடங்கியது. சாலையோரப் பலகைகள், செய்தித்தாள் பக்கங்கள், தொலைபேசியில் அழைத்தால் அந்தக் குரலைக் கேட்க ஒரு எண். உங்கள் கணவரின் குரலா, அண்டை வீட்டாரின் குரலா என்று கேட்கப்பட்ட மக்கள் பதில் சொல்லிக் குவித்தார்கள். ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருந்த அட்டை அறைக்குள் மேலும் ஆயிரக்கணக்கான பெயர்கள் வந்து விழுந்தன. சண்டர்லாந்தில் ஆண்களை வீடு வீடாக விசாரித்தார்கள்.

கேசட்டை அனுப்பியவனே அந்தச் செப்டம்பரில், மாணவியின் கொலைக்குப் பிறகு, பெயர் சொல்லாமல் காவல்துறைக்குத் தொலைபேசி செய்து அது போலி என்று சொன்னான். அந்த அழைப்பும் மற்ற ஆயிரம் அழைப்புகளோடு கலந்து போயிற்று.

1980-இன் தொடக்கத்தில் ஐந்து பவுண்டு நோட்டு விசாரணை மீண்டும் எடுக்கப்பட்டது. இந்த முறை வங்கிக் கணக்குகளை நுணுக்கமாகப் பார்த்துப் பட்டியலை 241 பேராகச் சுருக்கினார்கள். கொலையாளி அதிலும் இருந்தான். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அவனை மூன்று முறை விசாரித்தார்கள். என் பார்வையில் வழக்கு மிக அருகில் வந்த இடம் இது. 241 பேர் என்பது ஒரு அறைக்குள் அடங்கும் கூட்டம். மனைவியின் சாட்சியத்தையும் ஊர்ப் பேச்சையும் ஒதுக்கிவைத்துவிட்டு அந்தப் பட்டியலைத் தோண்டியிருந்தால் போதும்.

முடிவு

1980 ஆகஸ்டில் ஒரு அரசு ஊழியர் கொல்லப்பட்டார். செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து லீட்ஸுக்கு உயர்படிப்புக்கு வந்திருந்த பெண் மருத்துவர் தாக்கப்பட்டு உயிர் தப்பினார். நவம்பர் 17 அன்று லீட்ஸ் ஹெடிங்லியில் இருபது வயது மாணவி கொல்லப்பட்டார். பெண்கள் இரவில் வெளியே போக வேண்டாம் என்று காவல்துறை அறிவுறுத்தியது. எங்களை ஏன் அடைக்கிறீர்கள், ஆண்களுக்கு ஊரடங்கு போடுங்கள் என்று லீட்ஸ் பெண்கள் தெருவில் இறங்கினார்கள்.

அதே மாதம் அந்த அதிகாரியிடமிருந்து விசாரணை வேறொருவருக்கு மாற்றப்பட்டது. வெளிப் படைகளின் மூத்த அதிகாரிகளும் ஒரு தடய அறிவியலாளரும் கொண்ட ஆலோசனைக் குழு அமைந்தது. அந்த அறிவியலாளர் தாக்குதல் நடந்த இடங்களையும் நேரங்களையும் வரைபடத்தில் வைத்துக் கணக்கிட்டார். கொலையாளி பிராட்போர்ட் பகுதியில் வாழ்பவன் என்று டிசம்பரிலேயே அவர் முடிவுக்கு வந்தார். குரலைக் கேட்காமல் இடங்களை மட்டும் பார்த்ததன் பலன் அது. நவம்பர் இறுதியில் கொலையாளியின் நண்பரே பெயரைக் குறிப்பிட்டுக் கடிதம் போட்டார். பிறகு பிராட்போர்ட் காவல் நிலையத்துக்கு நேரிலும் போனார். அந்தத் தகவலும் அட்டை அறையில் தூங்கியது.

1981 ஜனவரி 2 இரவு, பக்கத்துப் படையான சவுத் யார்க்ஷயரின் இரண்டு காவலர்கள் ஷெஃபீல்டில் நின்ற ஒரு காரைச் சோதித்தார்கள். எண் பலகை போலி. உள்ளே இருந்தவன் சிறுநீர் கழிக்க வேண்டும் என்று சொல்லிச் சற்று ஒதுங்கிவிட்டு வந்தான். மறுநாள் இரவு, அவன் இன்னும் விசாரிக்கப்படுகிறான் என்று கேள்விப்பட்ட சார்ஜென்ட் அந்த இடத்துக்குத் திரும்பிப் போனார். எண்ணெய்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு சுத்தியலும் கத்தியும் கிடந்தன. ஜனவரி 4 அன்று அவன் ஒப்புக்கொண்டான். பேசியது பிராட்போர்ட் பேச்சு. 1981 மே 22 அன்று 13 கொலைகளுக்கும் 7 கொலை முயற்சிகளுக்கும் தண்டிக்கப்பட்டான்.

ஒப்புக்கொண்ட இரவு நடந்த பத்திரிகையாளர் கூட்டத்தில் சீஃப் கான்ஸ்டபிளோடு அந்த அதிகாரியும் சிரித்த முகத்தோடு அமர்ந்திருந்தார். அதன்பின் குற்றப் புலனாய்வில் அவருக்கு இடம் இல்லை. வேறு பொறுப்புக்கு மாற்றப்பட்டார். 1983-இல் ஓய்வு பெற்றார். 1985-இல் காலமானார்.

பின்னர் தெரியவந்தவை

1981 டிசம்பரில் உள்துறை அமைச்சரிடம் அளிக்கப்பட்ட, இந்த விசாரணையை மறுஆய்வு செய்த பைஃபோர்ட் அறிக்கை, விசாரணை அறையின் சீர்குலைவையும் கடிதங்கள்மேல் வைத்த அளவுக்கு மீறிய நம்பிக்கையையும் நேராகச் சுட்டியது. ஆனால் அதன் சுருக்கம் மட்டுமே அப்போது நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. மக்கள் முழு அறிக்கையைப் படிக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தத் தாமதத்துக்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

2005-இல் பழைய உறையில் இருந்த மரபணுவை வைத்துக் கடிதக்காரனைப் பிடித்தார்கள். சண்டர்லாந்தில் வாழ்ந்த அவனுக்கு 2006 மார்ச்சில் எட்டு ஆண்டு சிறை கிடைத்தது. 2011-இல் பிரஸ்டன் கொலையும் துலங்கியது. அதைச் செய்தவன் மூன்றாவது ஒரு ஆள், அதற்குள் இறந்துபோயிருந்தான். பி இரத்த வகை பொருந்தியது வெறும் தற்செயல். 2020 நவம்பரில் கொலையாளி சிறைத் தண்டனையின்போதே இறந்தான். அன்று வெஸ்ட் யார்க்ஷயர் காவல் படை, இறந்த பெண்களைப் பற்றி அந்நாளில் பயன்படுத்திய சொற்களுக்காகவும் தொனிக்காகவும் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டது.

மாறியதும் மாற வேண்டியதும்

அறிக்கையின் பலனாகப் பெரிய வழக்குகளின் விசாரணை அறைகள் நாடு முழுவதும் ஒரே முறைக்கு வந்தன. 1980-களின் நடுவில் ஹோம்ஸ் என்ற கணினி அமைப்பு நுழைந்தது. ஒரு பெயர் எத்தனை வழிகளில் வந்தாலும் ஒரே திரையில் சேரும்.

என்னைக் கேட்டால் அதைவிட மதிப்புள்ள மாற்றம் வேறொன்று. பிரிட்டிஷ் விசாரணை அறைகளில் ஒருவனை விலக்கும்போது, எதன் அடிப்படையில் விலக்குகிறோம் என்பதற்கு ஒரு எண் போட வேண்டும். தடய அறிவியல் 1. தோற்றம் 2. தொடர்பற்ற சாட்சி 3. உறவினர் அல்லது நண்பரின் சாட்சி 4. வாழ்க்கைத் துணையின் சாட்சி 5. விலக்கப்படாதவர் 6. வழக்கு தேங்கும்போது 5-இல் இருப்பவர்களை மட்டும் எடுத்து மறுபடி பார்க்கலாம். 1980-இல் அந்த 241 பேரை இப்படிப் பிரித்திருந்தால், மனைவியின் சொல்லை மட்டும் நம்பி விடப்பட்ட லாரி ஓட்டுநரின் பெயர் தனியே மேலே வந்திருக்கும்.

இதே வழக்கை இன்று கையாள்பவர் வேறு சிலவற்றையும் மாற்ற வேண்டும். பெயரில்லாமல் வரும் கடிதத்தில், செய்தவனுக்கு மட்டுமே தெரியக்கூடிய விவரம் ஒன்றாவது இருக்கிறதா என்பதை, அன்றுவரை பத்திரிகைகளில் வந்த எல்லாவற்றோடும் வரிக்கு வரி ஒப்பிட்ட பிறகே அதற்கு எடை கொடுக்க வேண்டும். கடிதம் யாருடைய பெயருக்கு வந்ததோ அவர் அந்த ஒப்பீட்டைச் செய்யக் கூடாது. வேறு படையைச் சேர்ந்தவர் செய்ய வேண்டும். தப்பிப் பிழைத்தவர்களின் வாக்குமூலங்களை, அவர்கள் யார், என்ன தொழில் செய்தார்கள் என்று பார்க்காமல், தாக்கப்பட்ட முறையை வைத்து ஒரே கோப்பில் சேர்க்க வேண்டும். ஹாலிஃபாக்ஸ் பெண்ணும் சில்ஸ்டன் சிறுமியும் சொன்ன உள்ளூர்ப் பேச்சு, கேசட்டுக்கு நான்கு ஆண்டுகள் முன்பே காவல் நிலையத்தில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. கேசட் வந்த அன்று அந்த இரண்டு வாக்குமூலங்களையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி யாருக்கும் உத்தரவு போகவில்லை.